அந்தப் படத்தை எடுத்தது நான்தான்

தேன்மொழி,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உன் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை என்று அவள் உன்னிடம் சமாளித்தாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "பேஸ்புக்குல போட்ட அந்தப் படத்த எடுத்துடுறேன்ப்பா, வில்லையும் வித்துடுறேன், உங்களுக்காகத்தான்" என்று நீ சொன்னாய் பார், அதற்கு வாயால் பதில் சொன்னால் கத்திவிடுவேன், நான் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வேண்டியது சொல்லாமலே போகும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒளிவுமறைவு கிடையாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே போடப்போகிறேன். உன் சித்தப்பா படிக்கட்டும், அத்தைமார் படிக்கட்டும், பேச்சு முடியும் முன்பே கல்யாணத்துக்குச் சேலை எடுத்துவிட்டவர்களும் படிக்கட்டும். என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு என் மனதில் இருப்பது நேராகவே தெரிந்துவிடுவது நல்லது.

பூ வைக்க வந்த அன்று வீட்டில் நடந்ததில் உன் சித்தப்பா உனக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் தேனியிலிருந்து இரண்டு காரில் வந்தார்கள். பித்தளைத் தட்டில் தேங்காய், பழம், மல்லிகைப் பூ, பட்டு எல்லாம் வைத்து நடுவீட்டு முக்காலியில் இறக்கினார்கள். நீ அமெரிக்காவில் இருப்பதால் பூவை உன் அம்மா கையில் கொடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்று பேச்சு. காபி குடித்து முடித்ததும் பையனுடைய அம்மா தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. இது நம்ம பிள்ளதானா?"

பார்த்தேன். மஞ்சள் புல்வெளி, முழங்கால் மண்டியிட்டு நீ, தோளில் வில், உன் முன்னால் அந்த மான். "நம்ம பிள்ளதான்" என்றேன்.

"எங்க நாத்தனா பாத்துட்டுக் கேக்குறா, மருமக வீட்டுக்கு வர்றாளா, சண்டைக்கு வர்றாளான்னு. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?"

உன் சித்தப்பா உடனே குழைந்தான். "அக்கா, யாரோ கூட்டாளி அடிச்சதா இருக்கும். பக்கத்துல நின்னு படம் எடுத்துருப்பா. சின்னப்பிள்ள வெளாட்டு. எடுக்கச் சொல்லிருவோம்."

"ஏலே, நீ சும்மா இரு," என்றேன். "அடிச்சது அவதான்."

அந்தம்மா விடவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஓரத்தில் ஒரு மங்கலான கட்டைவிரல் தெரிந்தது. "இது யாரு வெரலு? அங்கன கூட யாரு இருந்தாக?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் வலது கையை அவள் முன்னால் நீட்டினேன். தண்ணீர் மோட்டார் பெல்ட்டில் மாட்டி நகம் பிளந்த என் கட்டைவிரல், படத்தில் இருந்த அதே விரல். "நான்தான் இருந்தேன். அந்தப் படத்த எடுத்தது நான்தான்" என்றேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு சித்தப்பா என் காதில், "அண்ணே, மான அடிச்சா ஜெயிலுண்ணே, சத்தமாச் சொல்லாதீக" என்றான். அவன் காதில் சொல்லவேண்டியதை எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். இங்கே மானைத் தொட்டால் ஜெயில்தான். மேகமலைக் காட்டில் எவனாவது வலை வைத்தான் என்று தெரிந்தால் வனத்துறைக்கு முதல் போன் நான்தான் போடுவேன். நீ இருக்கிற ஊரில் அரசாங்கமே குலுக்கல் போட்டு, இந்தப் பகுதியில் இந்தப் பருவத்தில் இத்தனை மான்தான் அடிக்கலாம் என்று அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. அந்த விதிப் புத்தகத்தை உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எதையும் கேள்விப்பட்டுப் பேசுகிறவன் என்று அர்த்தமில்லை. கேள்விப்பட்டுப் பேசுகிறவர்கள் அன்று முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சட்டம் கெடக்கட்டும்ணே. உசுரக் கொல்லலாமா, அதுவும் ஒரு பொம்பளப் பிள்ள?" என்றாள் அந்தம்மா.

"போன மாசம் உங்க குலசாமிக்குக் கெடா வெட்டுனீக. எங்களுக்கும் சொல்லி விட்டீக. வந்து தின்னேன், கறி நல்லா இருந்துச்சு."

"அது சாமிக்கு. வெட்டுனது ஆம்பளைக."

"தின்னது?"

பையனுடைய அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள், துண்டு கீழே இறங்கவே இல்லை. கடைசியில் அவர்கள் சொன்னது இதுதான்: படத்தை எடுக்க வேண்டும், இனி வில்லைத் தொடமாட்டேன் என்று நீ வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பூ வைக்கலாம். "பிள்ளகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. தட்டு இங்கனயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்கள். பூவை வாடாமல் இருக்க உன் அம்மா பிரிட்ஜில் வைத்தாள். இரண்டு நாளாக எங்கள் வீட்டுத் தயிர்கூட மல்லிகை மணக்கிறது.

நான் உன் வேட்டைக்கு ஆதரவாளன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். நீயும் நானும்தான் அறிவோம், உன்னைத் தடுக்கத்தான் நான் உன்னோடு அந்த வெளிக்கு வந்தேன். வயோமிங் வந்து இறங்கிய அன்றே உன் சமையலறையில் நமக்குள் சண்டை. "நம்ம வெள்ளாமையையா மேஞ்சிச்சு அது? அங்கிட்டுக் கெடந்ததப் போயி ஏன் அடிக்கணும்?" என்று கேட்டேன். "கடையில வாங்குற கறி மட்டும் தானாச் செத்துச்சாப்பா?" என்றாய். "அதுக்கு நீ ஏன் கொல்லணும்?" என்றேன். "நான்தான திங்கிறேன்?" என்றாய். அந்தப் பதில் இன்றும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. நம் வாழைக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் விரட்டுவேன், நெல்லில் மயில் விழுந்தால் விரட்டுவேன். விரட்டுவதுதான் எனக்குத் தெரிந்த நியாயம். தேடிப் போய் அடிப்பது வேறு. அதில் நான் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. ஒப்பாத ஒன்றுக்காக ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று குழுவில் யாராவது கேட்டால், மேற்கொண்டு படிக்கட்டும்.

அந்த நிலத்தில் இறங்கியதும் என் கை தானாக வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை மறிக்கிற ஊர் நம்முடையது. அங்கே மறிக்க ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் நிற்பது போல இருந்தது. புல், முழங்கால் உயரச் சாம்பல் நிறச் செடி, குத்துகிற சப்பாத்தி முள், அதற்கு மேல் வானம். எங்கோ புள்ளி போல நின்ற மான் கூட்டத்தைப் பைனாகுலரில் காட்டினாய். நம் புள்ளிமான் மாதிரி இல்லை. ஆட்டின் உடம்பு, மானின் கால், முன்பக்கம் ஒரு கிளை விட்ட கறுத்த கொம்பு. அது நம்மை அதற்கு முன்பே பார்த்துவிட்டது என்றாய். மரத்தடியில் மறைந்து நிற்க மரம் இல்லாத இடத்தில், அவ்வளவு கூரான கண்ணும் அவ்வளவு வேகமான காலும் உள்ள ஒன்றை, துப்பாக்கி இல்லாமல் வில்லால் அடிக்க வேண்டுமென்றால் எவ்வளவு கிட்டே போக வேண்டும் என்று எண்ணிப் பார்த்தபோது, சரி, இது நடக்கப்போவதில்லை, நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் நீ அந்தத் தட்டி மானைப் பையிலிருந்து எடுத்தாய். மடக்கித் தூக்கிப் போகிற தட்டி, அதில் அச்சு அசலாக ஓர் ஆண்மான், தலையில் கொம்பு. இணை சேரும் பருவத்தில் தன் பெட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண் நிற்பதைக் கிடாமான் பொறுக்காது, விரட்ட ஓடி வரும், வந்தால்தான் வில்லுக்கு எட்டும் என்று விளக்கினாய். மண் அரித்த ஓடை வழியாக, காற்று நம் முகத்துக்கு அடிக்கும்படி பார்த்து, முக்கால்வாசித் தூரம் தவழ்ந்தே போனோம். என் முழங்காலுக்கு உன் பட்டையைக் கட்டிவிட்டு நீ வெறும் முழங்காலோடு முள்ளில் வந்தாய். மேட்டில் ஏறியதும் தட்டியை என் கையில் கொடுத்து, என் தோளுக்குப் பின்னால் வில்லோடு உட்கார்ந்தாய். "அப்பா, அசையாதீக. மூச்சு மட்டும் விடுங்க, போதும்" என்றாய். தட்டியை நிமிர்த்தினேன். எங்கோ நின்ற கிடா தலையைத் தூக்கியது. அடுத்த நொடி கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு நேரே என்னைப் பார்த்து ஓடி வந்தது. குளம்புச் சத்தம் தரை வழியாக என் முழங்காலுக்கு வந்தது.

என்ன செய்தேன்? வயலில் நிற்கும்போது எது பாய்ந்து வந்தாலும் நம்மவன் எவனும் செய்வதைச் செய்தேன். தட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "ஹோய்ய்! ஓடு! ஏய், ஓடு!" என்று வயிற்றிலிருந்து கத்தினேன். அந்த மான் அப்படி ஓர் ஓட்டத்தை அதற்கு முன் ஓடியிருக்காது. கூட்டமே அடிவானத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் நீ வில்லைப் போட்டுவிட்டுப் புல்லில் உருண்டு சிரிக்கிறாய். "அப்பா, வாழைத் தோட்டத்துக்குக் காவலுக்கா வந்தீக?"

"பாஞ்சு வர்றவன சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று உன்னைத்தான் திட்டினேன். அதற்கு வருத்தமெல்லாம் படவில்லை. ஆனால் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னாய்: "இங்க வந்த மொத வருசம் ஞாயித்துக்கெழம வந்தா பேச ஆளில்லப்பா. வெளியில பனி, உள்ள சுவரு. கூட வேல பாக்குற ஒரு அம்மாதான் இந்த வில்லக் கையில குடுத்துச்சு. இதுக்கப்புறந்தான் இந்த ஊருல எனக்கும் ஒரு எடம் இருக்குன்னு தோணுச்சு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் போனில் அந்த வருஷம் முழுக்க "நல்லா இருக்கேன்ப்பா" என்பதைத் தவிர வேறு எதுவும் நாங்கள் கேட்டதில்லை.

மறுவாரம் திரும்பப் போனோம். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு தட்டியைப் பிடித்திருந்தேன். கிடா வந்தது. நடந்து, நின்று, முறைத்து, மிகக் கிட்டே வந்து நெஞ்சைக் காட்டி நேராக நின்றது. அதன் மூக்குத் துடிப்பது எனக்குத் தெரிந்தது. உன் வில் முழுதாக இழுபட்டிருப்பது காதுக்குப் பின்னால் கேட்டது. விடு, விடு என்று எனக்கே மனம் அடித்துக்கொண்டது. எப்போது நான் கட்சி மாறினேன் என்று தெரியவில்லை. நீ விடவில்லை. நெடுநேரம் அப்படியே பிடித்திருந்து, மெல்ல நாணை இறக்கினாய். கிடா ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விட்டது. காலை முழுக்கத் தவழ்ந்த கோபத்தில் "ஏன்டீ விடல?" என்று சீறினேன். "நேரா நின்னா விடக்கூடாதுப்பா. நெஞ்செலும்புல பட்டா சாகாது, காயத்தோட எங்கயாவது போயிக் கெடக்கும். பக்கவாட்டுல திரும்பணும், இது திரும்பல," என்றாய். கேட்க யாரும் இல்லாத வெளி அது. நீ விட்டிருந்தால் கேள்வி கேட்க ஒரு குருவிகூட அங்கே இல்லை. ஆனாலும் உன் கணக்குப்படி அது சரியில்லை, அதனால் நீ விடவில்லை. ஆத்தா, அன்றைக்குத்தான் உன்னைத் தடுக்க வேண்டும் என்ற நினைப்பை நான் அந்த மேட்டிலேயே போட்டுவிட்டு வந்தேன். வில்லை எப்போது தாழ்த்த வேண்டும் என்பது இவளுக்குத் தெரியும், வேறு எவரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை என்று அன்றே எனக்கு விளங்கிவிட்டது. தேனியிலிருந்து ஒருத்தி வந்து இறக்கு என்றால் நீ இறக்குவாயா?

அந்தப் படத்தில் இருக்கிற மானை நீ தட்டி இல்லாமல் தனியாகத்தான் அடித்தாய். நான் தொலைவில் ஒரு குன்றில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறி இறங்குகிறவரை நீ ஊர்ந்தாய். அது தலையைத் தூக்கினால் நீ மண்ணாகிவிடுவாய், குனிந்தால் ஒரு சாண் நகர்வாய். அம்பு பட்டதும் அது கொஞ்சத் தூரம் ஓடி, முன்னங்கால் மடிந்து விழுந்தது. நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நீ அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் கன்னம் நனைந்திருந்தது. தோலை உரித்துக் கறியைப் பிரித்து இருவரும் சுமந்து வந்தோம். குலசாமி கோயிலில் கிடா உரிக்கிற நம்மவர்களைவிடச் சுத்தமாக நீ உரித்தாய். சித்தப்பா இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும். உரிப்பதற்கு முன்னால், "அப்பா, ஒரு படம்" என்று போனை என்னிடம் நீட்டினாய். எடுத்தேன். கட்டைவிரல் குறுக்கே விழுந்தது தவிர அதில் எந்தக் குறையும் இல்லை.

உன் அம்மா சொல்வதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது நியாயமாகாது. "நீங்க வீம்பு பிடிச்சுட்டுப் படுத்து உறங்கிருவீக. தனியா நிக்கப்போறது என் பிள்ள. அவளுக்கும் முப்பது தாண்டிருச்சு. ஒரு படத்துக்காக ஒரு வாழ்க்கையத் தள்ளி விடுறீகளே" என்று இரண்டு நாளாக அழுகிறாள். அவள் பயம் பொய்யில்லை. உன் முதல் வருஷத்தை நினைத்தால் எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் பனியும் சுவருமாக இருந்த வீட்டிலிருந்து உன்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்த ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்கிற வீட்டில், உனக்குத் துணை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கண்டமனூர்க் காற்றாலையில் நீ வேலைக்குச் சேர்ந்தபோதும் இதே குடும்பம்தான், பொம்பளப் பிள்ளை கோபுரத்தில் ஏறுவதா என்று ஒப்பாரி வைத்தது. அன்று ஏறாமல் இருந்திருந்தால் அவர்களும் உனக்குக் கைதட்டியிருப்பார்கள், அந்தக் கைதட்டலோடு நீ இங்கேயே உட்கார்ந்திருப்பாய்.

உன் சித்தப்பாவின் யோசனைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. "சரின்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கண்ணே. கல்யாணத்துக்கப்புறம் அவ அங்கன என்ன செஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். தட்டியைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் உட்காருவது எப்படி என்று எனக்கு அனுபவமே உண்டு. முழங்கால் போய்விடும். ஒரு காலைப் பொழுதுக்கே போய்விடும். சாதுவான ஒரு பெண்ணை அச்சடித்து முன்னால் நிறுத்திவிட்டு ஆயுசு முழுக்க அதற்குப் பின்னால் நீ குந்தியிருப்பதை நான் பார்க்க மாட்டேன். மானை ஏமாற்றலாம், அது பசிக்கும் கறிக்கும் உள்ள கணக்கு. கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் அந்தக் கணக்கு வேண்டாம்.

அதனால் இன்று காலை அந்தத் தட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு சின்னமனூரில் பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவளே பிரிட்ஜிலிருந்து பூவை எடுத்துத் தட்டில் வைத்தாள். அவர்களுடைய ஏலக்காய்க் கடையில் பையனுடைய அப்பா மட்டும் இருந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"என்ன சம்பந்தி, இப்படிப் பண்ணிட்டீக? எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுலதான்…"

"அப்ப வீட்டுல சொல்லுங்க. சிரிப்பு வந்தா துண்ட எடுத்துட்டுச் சிரிங்க."

"பிள்ள சம்மதிச்சிருச்சுன்னு உங்க தம்பி போன் பண்ணாகளே?"

"எனக்காகச் சம்மதிச்சிருக்கா. அது செல்லாது. நான் கேக்கல. படம் அங்கனயேதான் இருக்கும்னு வீட்டுல சொல்லுங்க. அத மாத்தணும்னா உங்க பையன் எம்மகள்கிட்ட நேராப் பேசட்டும். இவ்வளவு நடந்தும் அவரு வாயத் தொறக்கலையே, அவருக்கு என்னதான் வேணும்னு எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியுதா?"

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். காபி சொன்னார், குடித்தேன். கோபமாக யாரும் பிரியவில்லை.

நான் திருப்பிக் கொடுத்தது அவர்களுடைய நிபந்தனையைத்தான். கல்யாணத்தைத் திருப்பிக் கொடுக்க அது என்னுடையது இல்லை. அந்தப் பையன் உனக்கு வேண்டுமென்றால் நீயே கூப்பிட்டுப் பேசு. பேசிப் பிடித்துப்போய், உனக்காகவே, உன் மனதாலேயே வில்லை விற்கத் தோன்றினால் விற்றுவிடு. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், உன் அம்மாவோடு வந்து பந்தலில் உட்காருவேன். ஆனால் எவரிடமும், என்னிடம்கூட, அப்பாவுக்காக விற்றேன் என்று சொல்லாதே. உன் அப்பா அப்படி ஒன்றை உன்னிடம் கேட்கவில்லை. இனி கேட்கவும் மாட்டேன்.

அப்பா